மண்ணுக்குள் ஒன்பது கிலோமீட்டர்

முதல் நாள்

இந்தப் பாதையை வரைபடத்தில் எத்தனை முறை கடந்திருப்பேன் என்று கணக்கில்லை. காலால் நடப்பது இதுதான் முதல் முறை. ஒரு துணைமின் நிலையத்தின் வாசலிலிருந்து இன்னொன்றின் வாசல் வரை 9.2 கிலோமீட்டர். 220 கிலோவோல்ட் மின்சாரம், சாலையின் இரு ஓரமும் தனித்தனிப் பள்ளத்தில் இரண்டு சர்க்கியூட்டுகள், அதாவது ஃபேஸுக்கு ஒன்றாக மும்மூன்று கேபிள்கள் கொண்ட இரண்டு மின்பாதைகள். முதல் சர்க்கியூட்டின் கேபிள்கள் முழுவதும் புதைந்துவிட்டன. மின்னேற்றம் மட்டும் பாக்கி. இரண்டாவது, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இங்கிருந்து நடந்தால் முதலில் வெறும் மண், பிறகு திறந்த பள்ளம், பிறகு கேபிள் இழுப்பு, பிறகு இணைப்பு வேலை, கடைசியில் உயர் அழுத்தச் சோதனை. வடிவமைத்தவன் நான். என் கணக்குகள் மண்ணில் எப்படி நிற்கின்றன என்று பார்க்கவே கிளம்பினேன்.

வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வானில் வந்த மின்கம்பிகள் அங்கே முடிகின்றன. மேலே போகும் கம்பிக்குக் காற்றே காப்பு, காற்றே விசிறி. அதன் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். கீழே இறங்கியதும் இரண்டு வசதியும் போய்விடுகின்றன. எங்கள் கேபிளில் முழுச் சுமை ஓடும்போது மூன்று ஃபேஸும் சேர்ந்து மீட்டருக்கு 75 முதல் 90 வாட் வெப்பத்தை வெளியிடும். மீட்டருக்கு ஒரு பழைய குண்டு பல்பை எரியவிட்டு மண்ணைப் போட்டு மூடுவதைப் போன்றது. கடத்தியைச் சுற்றியுள்ள எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்பு தொடர்ந்து தாங்கும் கடத்தி வெப்பநிலை 90 டிகிரி. அந்த வரம்புக்குள் எத்தனை ஆம்பியர் அனுப்பலாம் என்பதைச் செம்பு மட்டும் முடிவு செய்வதில்லை. மண்ணும் சேர்ந்து முடிவு செய்கிறது. நெஹர், மெக்ராத் என்ற பொறியாளர்கள் இருவரும் 1957-இல் வெளியிட்ட கட்டுரையும் இன்று நாங்கள் பின்பற்றும் ஐஇசி 60287 என்ற சர்வதேசத் தரநிலையும் அடிப்படையில் சொல்வது இதைத்தான்: கேபிளைச் சுற்றியுள்ள மண்ணும் கேபிளின் ஒரு பகுதி.

இரண்டாம் நாள்

காலையிலிருந்து மாலை வரை ஊசியோடு நடந்தேன். ஊசி என்றால் மண்ணில் செருகும் வெப்ப ஊசி. உள்ளே சூடேற்றும் இழையும் வெப்ப உணரியும் இருக்கும். சீரான மின்சாரத்தைக் கொடுத்து வெப்பநிலை எப்படி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். நேரத்தின் மடக்கை ஒரு பக்கம், வெப்பநிலை மறு பக்கம் என்று குறித்தால் ஒரு நேர்கோடு வரும். கோட்டின் சரிவே மண்ணின் வெப்பத்தடையைச் சொல்லிவிடும். மண் வெப்பத்தை எளிதாக வாங்கிக் கடத்தினால் கோடு படுத்திருக்கும். கடத்த மறுத்தால் செங்குத்தாக எழும்.

வடிவமைப்பில் நான் எடுத்துக்கொண்ட மதிப்பு 1.2. அலகு, வாட்டுக்கு கெல்வின்-மீட்டர். முதல் 3 கிலோமீட்டர் களிமண் கலந்த மணல். 0.9, 1.0, 1.1 என்று வந்தது. பள்ளம் ஒன்றரை மீட்டர் ஆழம், சுவர்கள் தாமே நின்றன, கையில் பிடித்தால் மண் உருண்டை பிடித்தது. ஈரம் இருக்கிறது, இடைவெளி குறைவு. மண்துகள்களுக்கு நடுவே காற்று இருந்தால் வெப்பம் தயங்கி நிற்கும், நீர் இருந்தால் அதுவே பாலமாகும். மனநிறைவோடு இன்றைய நடையை முடிக்கிறேன்.

மூன்றாம் நாள்

நேற்று எழுதிய மனநிறைவு இன்று பத்து மணி வரைதான் தங்கியது.

3.4 கிலோமீட்டரில் பள்ளத்தின் சுவர் நிறம் மாறிவிட்டது. செங்கல் துண்டு, சாம்பல், உடைந்த ஓடு. மண்வெட்டி பட்ட இடத்தில் சலசலவென்று சரிந்தது. ஊசியைச் செருகினேன். கோடு எழுந்த வேகத்தைப் பார்த்ததும் கருவியில்தான் கோளாறு என்று நினைத்து ஊசியை மாற்றினேன். இரண்டாம் முறையும் அதே விடை: 2.4.

பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, என்ன தேடுகிறீர்கள்?”

“மண் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன் ஐயா.”

“இது மண்ணே இல்லை. இங்கே குளம் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது கட்டட இடிபாட்டையும் சாம்பலையும் கொட்டித் தூர்த்தார்கள்.”

அவர் கைகாட்டிய எல்லையைக் காலால் அளந்தேன். 160 மீட்டர். பழைய நில அளவைப் படத்தைப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். வடிவமைப்பின்போது 500 மீட்டருக்கு ஒரு சோதனைக்குழி போதும் என்று முடிவெடுத்தவன் நான். ஒரு குழி 3.2-இலும் அடுத்தது 3.7-இலும் விழுந்திருக்கின்றன. தூர்ந்த குளம் இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டது.

1.2 என்று நம்பிய இடத்தில் 2.4 இருந்தால் கேபிள் சுமக்கக்கூடிய மின்னோட்டம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும். அந்த 160 மீட்டருக்கு மட்டும் என்று ஆறுதல் கொள்ள முடியாது. ஒரே கடத்தி, ஒரே மின்னோட்டம். மிகச் சூடான ஒரு மீட்டர் மீதி 9 கிலோமீட்டரின் தகுதியையும் தன் அளவுக்கு இறக்கிவிடும். கேபிளின் மேற்பரப்பு 50 டிகிரியை ஒட்டித் தாண்டும்போது ஈரம் கேபிளை விட்டு விலகத் தொடங்குகிறது. ஈரம் போனால் வெப்பத்தடை கூடும். தடை கூடினால் கேபிள் இன்னும் சூடாகும், ஈரம் இன்னும் விலகும். அந்தச் சுழல் தொடங்கிவிட்டால் தானாக நிற்காது.

1998 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டு சென்ற நான்கு 110 கிலோவோல்ட் கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாயின. ஐந்து வாரங்களுக்கு நகரத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இருளில் கிடந்தது. வறண்ட கோடை, கேபிள்களைச் சுற்றியிருந்த மண் எதிர்பார்த்த அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றவில்லை என்பது விசாரணைகளில் பேசப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்கும் நிகழ்வுதான் அது. ஆனால் செங்கல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான்காம் நாள்

அறையில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். அந்த 160 மீட்டரில் பள்ளத்தின் அகலம் 1.2 மீட்டரிலிருந்து 2 மீட்டராகிறது. கேபிள்களுக்கு இடையே 300 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி 450 ஆகிறது. விலகிப் படுத்தால் ஒன்றின் சூடு மற்றொன்றில் ஏறுவது குறையும். தோண்டிய இடிபாடு ஒரு கூடைகூடத் திரும்ப உள்ளே போகக் கூடாது. பதிலாக மணல், சிறு ஜல்லி, சாம்பல்தூள், கொஞ்சம் சிமெண்ட், நீர் சேர்ந்த பாயும் கலவை. கூழ் போல ஊற்றினால் மூலைமுடுக்கெல்லாம் தானே நிறையும், இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டியதில்லை. துகள்கள் பெரிதும் சிறிதுமாக ஒன்றன் இடுக்கில் ஒன்று உட்கார்ந்துகொள்வதால் முழுக்க உலர்ந்த பிறகும் அதன் வெப்பத்தடை அதிகம் ஏறாது. சாம்பல் தளர்வாகக் கிடந்தால் வெப்பத்துக்குச் சுவர். அதே சாம்பல் மணலின் இடுக்குகளை அடைத்து இறுகிக் கிடந்தால் வழி. பொருளைவிட அது அடைந்து கிடக்கும் விதம்தான் முக்கியம்.

இரண்டாம் சர்க்கியூட்டுக்கு இது போதும். முதல் சர்க்கியூட்டை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை. அது சாலையின் மறு ஓரத்தில் ஏற்கெனவே புதைந்து கிடக்கிறது. அதன் பக்கத்தில் மூன்று குழிகள் தோண்டச் சொன்னேன். இரண்டில் நல்ல களிமண். மூன்றாவதில் இடிபாடு. குளத்தின் கரை அங்கே சாலையைத் தாண்டிப் போயிருக்கிறது, சுமார் 40 மீட்டருக்கு. கேபிளை ஒட்டி நாங்கள் போட்ட சிமெண்ட் கலந்த மணல் இருப்பதால் பாதிப்பு குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. மின்னேற்றுவதற்கு முன் அந்த 40 மீட்டரைக் கையால் தோண்டி நிரப்புமண்ணை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சோதனைக்குழிகளின் இடைவெளியைத் தீர்மானித்தது நான் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள்

கால்வாய். கேபிள்கள் அதன் அடியில் கிடைமட்டத் துளையில் போகின்றன. ஆறு மீட்டர் ஆழம், ஒவ்வொரு கேபிளுக்கும் தனிக் குழாய். ஆழம் கூடினால் வெப்பம் மேலே வர நீண்ட வழி, ஆகவே குழாய்களைத் தள்ளித் தள்ளித் துளைத்து, கேபிள் நுழைந்தபின் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி பெண்டோனைட் என்ற களிமண் கூழால் நிரப்புகிறோம். இங்கே எல்லாம் கணக்குப்படியே இருக்கிறது.

இரவு டிரம்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் ஒரு மாடி வீட்டின் உயரம். உள்ளே 510 மீட்டர் கேபிள், மீட்டருக்கு 32 கிலோ. சாலையில் கொண்டுவரக்கூடிய டிரம்மின் அளவும் எடையும்தான் ஒரு துண்டின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் 9.2 கிலோமீட்டர் 18 துண்டுகளாகி, நடுவில் 17 இணைப்புக் குழிகள் வந்தன. இன்னும் நீளமான துண்டு கிடைத்திருந்தால் இணைப்புகள் குறைந்திருக்கும். இணைப்பு ஒன்று குறைந்தால் கவலை ஒன்று குறைகிறது.

ஆறாம் நாள்

இழுப்பு நாள். விடியும் முன்பே எல்லோரும் வந்துவிட்டார்கள்.

இந்தத் துண்டில் ஒரு செங்கோண வளைவு இருக்கிறது. ஒரு முனையிலிருந்து 60 மீட்டரில். டிரம்மை எந்த முனையில் வைப்பது என்பதுதான் கேள்வி. டிரம் லாரிக்கு மறுமுனையில் தாராளமாக இடம் இருக்கிறது, அங்கேயே வைத்துவிடலாம் என்று கேபிளை இழுக்கும் வின்ச் இயந்திரத்தின் குழுவினர் விரும்பினார்கள். நான் மறுத்தேன். காரணத்தை அவர்களிடம் கணக்காகவே சொன்னேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் சிரமப்படச் சொல்வது நியாயமில்லை.

கேபிள் ரோலர்மேல் நேராகப் போகும்போது இழுவிசை தூரத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும். வளைவில் அப்படி இல்லை. வளைவுக்குள் நுழையும்போது என்ன விசை இருக்கிறதோ அது பெருக்கப்படும், உராய்வுக் கெழு 0.2 என்றால் செங்கோணத்துக்கு 1.37 மடங்கு. வளைவு டிரம்முக்கு அருகில் இருந்தால் பெருகுவது சிறிய விசை. முடிவில் வின்ச்சில் வருவது சுமார் 3.3 டன். வளைவு வின்ச்சுக்கு அருகில் இருந்தால் 450 மீட்டர் இழுத்துச் சேர்ந்த விசை பெருகும். முடிவில் 4.2 டன். 2000 சதுர மில்லிமீட்டர் செம்பு தாங்கக்கூடியது 14 டன், ஆகவே இரண்டுமே பாதுகாப்பு என்று தோன்றும். ஆபத்து இழுவிசையில் இல்லை. வளைவில் கேபிளின் வயிறு ரோலர்களை அழுத்தும் விசையில் இருக்கிறது. 5 மீட்டர் ஆரமுள்ள எங்கள் வளைவில் முதல் முறையில் அது மீட்டருக்கு 100 கிலோ. இரண்டாம் முறையில் 750 கிலோ. உள்ளே மெல்லிய அலுமினிய உறையும் அதற்குள் காப்பும் இருக்கின்றன. நசுங்கினால் வெளியே தெரியாது. ஐந்து ஆண்டு கழித்துத் தெரியும்.

குழுவின் மூத்தவர் சற்று யோசித்துவிட்டு, “சரி, லாரியைத் திருப்புங்கள்” என்றார். லாரியைத் திருப்பவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பிறகு நடந்ததைக் காணக் கண் கூசவில்லை, நெஞ்சு நிறைந்தது. வளைவில் ரோலர்கள் பிறைபோல் நின்றன. பள்ளம் நெடுகிலும் ஆளுக்கு ஒரு கம்பியில்லாக் கருவி. “மெதுவாக... நிறுத்து... விடு.” கேபிளின் தலை நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்தில் ஊர்ந்து வந்தது, கறுத்துப் பளபளத்து. விசைமானி வின்ச்சில் 3.4 டன் காட்டி நின்றது. என் கணக்கு 3.3.

மாலையில் வெளி உறைக்கு 10 கிலோவோல்ட் நேர்மின் சோதனை, ஒரு நிமிடம். அந்த உறையில் ஊசித்துளை இருந்தாலும் மின்னோட்டம் மண்ணுக்குக் கசிந்து காட்டிக்கொடுக்கும். மூன்று கேபிளும் தேறின.

ஏழாம், எட்டாம் நாட்கள்

இரண்டு நாளும் ஒரே கூடாரத்தில். நகர மனம் வரவில்லை.

இணைப்புக் குழியின் மேல் கூடாரம், உள்ளே குளிர்சாதனம், தரையில் விரிப்பு, வாசலில் செருப்பைக் கழற்றி வேறு செருப்பு மாட்ட வேண்டும். கேபிள் துண்டுகளை இணைக்கும் ஜாயிண்டர் அண்ணன் என்னிடம் முதலில் கேட்டது கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லித்தான். இரண்டு நாளில் அவர் பேசியது மிகக் குறைவு. கை மட்டும் நிற்கவே இல்லை.

டிரம்மில் சுருண்டு வந்த கேபிளுக்கு அந்த வளைவு நினைவில் இருக்கும். வெப்பப் பட்டையைச் சுற்றி 80 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் சூடேற்றி, நேராகக் கட்டி, இரவு முழுக்க ஆறவிட்டிருந்தார்கள். மறுநாள் உறைகளை நீக்கி, காப்பின்மேல் ஒட்டியிருக்கும் கறுப்பு அரைக்கடத்தி அடுக்கைச் சுழல் கத்தியால் சீவினார். கறுப்பு முடிந்து பால்நிறக் காப்பு தொடங்கும் இடம் படியாக இருக்கக் கூடாது. விரலால் தடவினால் எங்கே முடிந்தது என்று தெரியாதபடி சரிவாக இறங்க வேண்டும். பிறகு உப்புத்தாள். 120, 240, 400, 600. ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் துடைப்பு, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து ஆய்வு, விட்டத்தைப் பல இடங்களில் இரு திசையில் அளப்பு. ஒரு முனைக்கு மட்டும் முக்கால் நாள்.

எதற்காக இவ்வளவு? கடத்தியை ஒட்டிய இடத்தில் காப்பு தாங்கும் மின்புலம் மில்லிமீட்டருக்கு 7 கிலோவோல்ட். காப்பின் வெளி விளிம்பிலேயே 4. காற்று உடையாமல் தாங்கக்கூடியதே சுமார் 3தான். இழைத்த பரப்பில் ஒரு கீறல் தங்கி, இணைப்பை மூடும் ரப்பர் உடல் அதன்மேல் உட்கார்ந்து, கீறலுக்குள் காற்று சிக்கினால் அந்தக் காற்று மின்னத் தொடங்கும். ஒவ்வொரு மின்னலும் காப்பைத் துளித்துளியாக அரிக்கும். கேபிள் தொழிற்சாலையில் தூசியில்லா அறையில் இயந்திரம் செய்ததை, சாலையோரப் பள்ளத்தில் மனிதக் கை அதே தரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. ஒரு சர்க்கியூட்டில் 51 இணைப்புகள். 51 முறையும்.

ஓய்வு நேரத்தில் அவரிடம் செபாஸ்டியன் டி ஃபெரான்டியைப் பற்றிச் சொன்னேன். 1890-களின் தொடக்கத்தில் டெப்ட்ஃபோர்டிலிருந்து லண்டனுக்குள் 10,000 வோல்ட் கொண்டுவந்தவர். செம்புக் குழாய்க்குள் செம்புக் குழாய், நடுவே மெழுகில் தோய்த்த பழுப்புக் காகிதம். துண்டுகள் 20 அடி நீளம்தான். முழுப் பாதையிலும் ஆயிரக்கணக்கான இணைப்புகள், எல்லாம் கையால். அந்தப் பாதையின் சில பகுதிகள் 1930-கள் வரை வேலை செய்தன.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “20 அடிக்கு ஒன்றா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள்” என்றார்.

அழுத்துக் கருவியில் செம்புக் கோப்பை இரு கடத்தியையும் கவ்விய பிறகு, முன்பே ஒரு பக்கம் ஏற்றி ஒதுக்கி வைத்திருந்த ரப்பர் உடலை மெல்ல நகர்த்தி நடுக்குறியில் நிறுத்தினார். குறி தப்பவில்லை. அப்போதுதான் அவர் முதல் முறையாக உட்கார்ந்தார்.

ஒன்பதாம் நாள்

மூடிய பகுதிக்கு வந்துவிட்டேன். மேலே தெரிவதெல்லாம் இணைப்புப் பெட்டிகளின் மூடிகள். திறந்து திறந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

கேபிளின் அலுமினிய உறையை இரு முனையிலும் தரையோடு இணைத்துவிட்டால் வேலை எளிது. ஆனால் கடத்தியின் மின்னோட்டம் உறையில் தூண்டும் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி ஓடி வீண் வெப்பமாகும். இத்தனை நாளாக வெப்பத்தோடு மல்லாடும் எனக்கு அது வேண்டாத விருந்தாளி. ஆகவே மூன்று துண்டுக்கு ஒரு தொகுதி. தொகுதிக்குள் துண்டுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் முதல் ஃபேஸின் உறையை இரண்டாவதோடும் இரண்டாவதை மூன்றாவதோடும் மூன்றாவதை முதலாவதோடும் மாற்றிப் பிணைக்கிறோம். முழுச் சுமையில் ஒவ்வொரு துண்டின் உறையிலும் 70, 80 வோல்ட் எழும். மூன்று ஃபேஸின் உறைகளைத் தொடராகக் கடக்கும்போது அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். துண்டுகளின் நீளம் சமமாக இருந்தால்தான் அழிவு முழுமையாகும். 18 துண்டுகள், 6 தொகுதிகள்.

ஏழாவது பெட்டியில் இரண்டு இணைப்புக் கம்பிகள் இடம் மாறியிருந்தன. பெட்டியின் உள்ளே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஒவ்வொரு கம்பியாக அளந்தால்தான் பிடிபடும். இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தொகுதி முழுக்க உறைகளில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். மாற்றிவிட்டு, மற்ற எல்லாப் பெட்டிகளையும் மறுபடி முதலிலிருந்து அளந்தோம். இருட்டிவிட்டது.

பத்தாம் நாள்

அந்தக் கோடியின் துணைமின் நிலையம். முதல் சர்க்கியூட்டுக்கு உயர் அழுத்தச் சோதனை: ஒவ்வொரு ஃபேஸுக்கும் 180 கிலோவோல்ட், ஒரு மணி நேரம். வேலை செய்யும்போது கடத்திக்கும் தரைக்கும் நடுவே இருக்கப்போவது 127.

9.2 கிலோமீட்டர் கேபிள் என்பது ஒரு மாபெரும் மின்தேக்கி. 50 ஹெர்ட்ஸில் 180 கிலோவோல்ட் கொடுக்க 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும், ஏறக்குறைய 18 மெகாவோல்ட்-ஆம்பியர். அவ்வளவு பெரிய மின்மூலத்தைச் சாலையில் கொண்டுவர முடியாது. ஆகவே லாரியில் பெரிய மின்தூண்டிகளைக் கொண்டுவந்து கேபிளோடு தொடராக இணைத்து, அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போய் ஒத்ததிர்வு வரும் இடத்தைப் பிடிக்கிறார்கள். ஊஞ்சலை அதன் தாளத்தில் தள்ளுவதைப் போல. இங்கே அது 30 ஹெர்ட்ஸை ஒட்டி அமைந்தது. பிறகு இழப்பை மட்டும் ஈடுகட்டினால் போதும்.

முதல் ஃபேஸ் ஏறியது. 60, 100, 140, 180. தாழ்ந்த ரீங்காரம். வேலிக்கு வெளியே இருபது பேர் நின்றோம், யாரும் பேசவில்லை. எங்கோ ஓர் இணைப்பில் ஒரு கீறல் தங்கியிருந்தால் இந்த ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும். நான் பெட்டியில் பதிந்துகொண்டிருந்த பகுதி மின்னிறக்க அளவையே, அதாவது காப்புக்குள் எழும் சிறு மின்பொறிகளின் அளவையே, பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னணி இரைச்சலைத் தவிர ஒன்றும் எழவில்லை. மூன்றாவது ஃபேஸ் முடிந்து தரையிணைப்புக் கோலை மாட்டியபோது மணி மாலை ஐந்தரை.

ஜாயிண்டர் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். “மூன்றும் தேறியது அண்ணா.”

“நல்லது” என்றார். “நாளைக்கு அடுத்த குழி.”

பதினோராம் நாள்

3.4 கிலோமீட்டருக்குத் திரும்பிவிட்டேன். நான் எழுதிக் கொடுத்ததற்கு அனுமதி வந்துவிட்டது. முதல் சர்க்கியூட்டின் மேல் மண்வெட்டி, கடப்பாரை, கூடை மட்டும். இயந்திரத்துக்கு இடமில்லை. எச்சரிக்கை நாடா தெரிந்தது, அதன் அடியில் கான்கிரீட் பலகைகள். அதற்குக் கீழே கையாலும் மரத்துடுப்பாலும் மட்டுமே எடுக்கச் சொன்னோம். மூடி முடித்ததும் அந்தத் துண்டுக்கு உறைச் சோதனை மீண்டும் உண்டு.

கேபிளோடு போகும் ஒளியிழை ஒவ்வொரு மீட்டரின் வெப்பநிலையையும் சொல்லும். கட்டுப்பாட்டு அறையின் திரையில் 3,400 முதல் 3,560 வரையுள்ள பகுதிக்குத் தனி எச்சரிக்கை அளவு வைக்கச் சொல்லியிருக்கிறேன், இரு சர்க்கியூட்டுக்கும்.

பெரியவர் இன்றும் வந்து நின்றார். கூடை கூடையாக வெளியேறும் செங்கல் துண்டுகளைப் பார்த்துவிட்டு, “எல்லாவற்றையும் எடுத்துவிடுவீர்களா?” என்று கேட்டார். கேபிளைச் சுற்றி இருப்பதை மட்டும் எடுக்கிறோம் என்றேன். கலவை லாரி வந்து சரிவுப்பலகையை நீட்டியது. சாம்பல்நிறக் கூழ் இறங்கி, சுவரோரம் போய், மூலையில் திரும்பி, கேபிள்களுக்கு அடியில் நுழைந்து, தானாகவே மட்டமானது. நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.